மொட்டை மாடியில் ஓர் அறை: கான்கிரீட்டா, பேனலா, உள்ளேயே பரணா?

எங்கள் வீட்டில் இன்னோர் அறை வேண்டும் என்ற பேச்சு லாஃப்டிலிருந்துதான் ஆரம்பித்தது. பெண் பத்தாம் வகுப்பு போகப் போகிறாள், உட்கார்ந்து படிக்கத் தனி இடம் இல்லை. அத்தைக்கு மூட்டு வலி, பாத்ரூம் ஒட்டிய அறையை அவருக்கு விட்டுவிட்டால் மீதி மூன்று பேருக்கும் ஒரே அறை. வெளிநாட்டு வீடுகளில் லாஃப்டைப் படுக்கையறையாக மாற்றும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "அம்மா, நம்ம லாஃப்டையும் இப்படி மாத்திடலாமே" என்றாள். டேப் எடுத்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறி அளந்தோம். தரையிலிருந்து ஏழடியில் ஸ்லாப், அகலம் இரண்டடி, அதற்கு மேல் ரூஃபுக்கு மூன்றடிகூட இல்லை. கொலு பொம்மைப் பெட்டி நான்கு, மாமனார் காலத்துப் பித்தளை அண்டா ஒன்று, பயணப் பெட்டிகள், அவ்வளவுக்குத்தான் அது.

அந்த வீடியோக்களில் இருப்பது சாய்ந்த கூரை வீடு. கூரைக்கும் கீழே இருக்கும் சீலிங்குக்கும் நடுவில் ஆள் நிற்கும் அளவுக்கு வெற்றிடம் இருக்கும், அதைத்தான் அறையாக்குகிறார்கள். நம் ஊரில் ரூஃப் தட்டை, அதன் மேல் வெயில். நம் நாட்டுக் கட்டட விதித் தொகுப்பே லாஃப்ட் என்றால் அதிகபட்சம் 1.5 மீட்டர் உயரமுள்ள, சாமான் வைக்கும் இடம் என்றுதான் சொல்கிறது. ஆட்கள் தங்கும் அறைக்கு அது கேட்கும் உயரம் 2.75 மீட்டர், கிட்டத்தட்ட ஒன்பதடி. ஆக, சென்னையில் லாஃப்ட் கேள்வி கொஞ்ச நேரத்திலேயே மொட்டை மாடிக் கேள்வியாகிவிடும். எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. ஆறு மாதமாக விசாரித்ததில் தெரிந்துகொண்டதை, இதே யோசனையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் வீட்டுக்குள்ளேயே பரண் போடும் வழி. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, சௌகார்பேட்டை பக்கம் பழைய வீடுகளில் சீலிங் பன்னிரண்டு, பதினான்கு அடியில் இருக்கும். அங்கே இரும்பு ஃப்ரேம் போட்டு, மேலே பிளைவுட் அடித்து, நடுவில் ஒரு தளம் உண்டாக்குவதை நிறையப் பேர் செய்கிறார்கள், மெசனைன் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மெசனைனுக்கு 2.2 மீட்டர் உயரம் வேண்டும், அதாவது ஏழேகால் அடி. கீழேயும் குறைந்தது அதே அளவு தலைக்கு மேல் இடம் விட்டு, நடுவில் இரும்புக்கும் பலகைக்கும் அரை அடி போனால் மொத்தம் பதினைந்து அடி. பதினான்கடி சீலிங்கிலேயே முறையாக வராது. பன்னிரண்டடி என்றால் குழந்தைகள் ஏறிப் படுக்கும் மேடை போடலாம், அறை ஆகாது. என் வீட்டைப் போலப் பத்தடி சீலிங் என்றால் அதுவும் வேண்டாம். சூடான காற்று மேலே போய்த் தங்கும், மே மாதத்தில் சீலிங்குக்கு நான்கடி கீழே படுத்தால் அடுப்புக்குப் பக்கத்தில் படுத்த மாதிரி இருக்கும். அதைவிட முக்கியம், ஃபேன். மேல் தளத்தில் எழுந்து உட்காரும் பிள்ளையின் கைக்கு ஃபேன் இறக்கை எட்டும். இதற்காக ஒரு வீட்டில் ஃபேனைக் கழற்றி வைத்திருந்ததை நேரில் பார்த்தேன்.

அந்த மாதிரிப் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. மெட்ராஸ் டெரஸ் ரூஃப் என்றால் மேலே அறை கட்டும் யோசனையே வேண்டாம். தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் சின்னச் செங்கலைக் குறுக்காகச் சுண்ணாம்பில் நிறுத்தி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, மேலே தட்டோடு என்ற தட்டை ஓடு பதித்த ரூஃப் அது. நூறு வருடம் நிற்கும், ஆனால் தன் எடையையும் காயப்போடும் வடகத்தையும் தாங்குவதற்காகக் கட்டியது. கட்டையின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும், மழைத் தண்ணீர் இறங்கி உளுத்துப் போவதும் கரையான் பிடிப்பதும் அங்கேதான், வெளியே இருந்து பார்த்தால் தெரியாது.

சரி, மொட்டை மாடி. இங்கே எல்லோரும் முதலில் கேட்பது சதுர அடிக்கு என்ன ரேட் என்று. நானும் அதைத்தான் கேட்டேன். கேட்க வேண்டியது எடை. பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி அறை ஒன்றை வழக்கமான முறையில், ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர், ஐந்து இஞ்ச் கான்கிரீட் ரூஃப் என்று கட்டினால், ரூஃப் மட்டும் சுமார் 5 டன். சுவர் பூச்சோடு சேர்த்து, ஜன்னல் கதவைக் கழித்தாலும் இன்னொரு 20 டன் வரும். தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டின் தண்ணீரை உங்கள் மாடியில் கொண்டுபோய் வைப்பதற்குச் சமம். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு வழக்கமாகக் கணக்கிடும் கூடுதல் பாரம் ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோதான். நான்கரை இஞ்ச் சுவரையே ஸ்லாப்பின் நடுவில், கீழே பீம் இல்லாத இடத்தில் எழுப்பினால்கூட ஒரு மீட்டர் நீளத்துக்கு முக்கால் டன்னுக்கு மேல் இறங்கும். "அது சின்னச் சுவர்தானே" என்று மேஸ்திரி சொல்வார். சின்னச் சுவர் இல்லை.

எங்கள் வீடு கொளத்தூரில், அரை கிரவுண்டில், 1996-ல் மாமனார் கட்டியது. தரைத்தளம் மட்டும். பிற்பாடு மேலே கட்டிக்கொள்ளலாம் என்று பில்லர் கம்பிகளை மாடியில் நீட்டி விட்டிருந்தார். முதலில் வந்த ஒரு கான்ட்ராக்டர் அந்தக் கம்பிகளைப் பார்த்துவிட்டு, ஐந்து நிமிடம் மாடியில் நின்று, "பில்லர் எல்லாம் ஸ்ட்ராங்கா இருக்கு மேடம், இன்னும் ரெண்டு மாடி தாங்கும்" என்று சொல்லி, மறுநாளே கொட்டேஷன் அனுப்பினார். பிளான் வேண்டாம், இன்ஜினியர் வேண்டாம், அட்வான்ஸ் மட்டும் வேண்டும். என் கணவருக்கு ஓகே. எனக்கு மனசு ஒப்பவில்லை, ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டோம்.

அவர் மாடிக்கே போகவில்லை, முதலில் கீழே ஒவ்வோர் அறையாகச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தார். போர்ட்டிகோவில் ஒரு பில்லர் அடியில் சத்தம் மாறியது, காலி டப்பாவைத் தட்டுவது போல. பூச்சைக் கொஞ்சம் பெயர்த்தார். உள்ளே கம்பி துருப்பிடித்து, விரலால் தேய்த்தால் பழுப்பு நிறத்தில் அடுக்கடுக்காக உதிர்ந்தது. பதினாறு மில்லி கம்பியாம், அளவுகோலை வைத்தால் பதினான்கைத் தொடவில்லை. அதைவிடப் பெரிய விஷயம் அடுத்து வந்தது: எங்கள் வீட்டில் பில்லரே போர்ட்டிகோவில் மட்டும்தான். மீதி வீடு முழுக்கச் சுவரில் நிற்கிற வீடு, வெளிச்சுவர் ஒன்பது இஞ்ச், உள்ளே ஹாலையும் படுக்கையறையையும் பிரிப்பது நான்கரை இஞ்ச். தொண்ணூறுகளில் கட்டிய சின்ன வீடுகள் பல இப்படித்தான் என்றார். முன்பக்கம் நாலு கம்பி நீட்டிக்கொண்டிருப்பதால் மொத்த வீடும் பில்லரில் நிற்கிறது என்று நினைத்துவிடுகிறோம். அந்த கான்ட்ராக்டர் போட்டுக் கொடுத்த படத்தில் புது அறையின் ஒரு சுவர் சரியாக அந்த நான்கரை இஞ்ச் சுவர் மேல்தான் வந்திருந்தது.

அதனால் யாராக இருந்தாலும் முதலில் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்குக் காசு கொடுங்கள், அப்புறம் மற்றவர்களிடம் ரேட் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் கான்கிரீட்டைச் சோதிக்க ரீபவுண்ட் ஹேமர் டெஸ்ட் எடுக்கச் சொல்லுவார், அஸ்திவாரம் பார்க்க ஒரு மூலையில் குழி தோண்டச் சொல்லுவார், சங்கடப்படாமல் செய்யுங்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை போலக் களிமண் பூமியில் வீடு இருந்தால் குழி கட்டாயம். திருவான்மியூர், திருவொற்றியூர் போலக் கடலுக்குப் பக்கம் என்றால் உப்புக் காற்றில் கம்பி இன்னும் சீக்கிரம் போகும். 2002-ல் திருத்திய நிலநடுக்க வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாவதற்கு உயர்ந்தது, அதற்கு முன் கட்டிய வீடு என்றால் அந்தக் கணக்கும் அதில் இருக்காது.

இனி ஒவ்வொரு வழியாக. கான்கிரீட் அறையின் நல்ல குணம், அது வீடு. நாற்பது வருடம் நிற்கும், மேலே டேங்க் வைக்கலாம், மழைச் சத்தம் கேட்காது, பிற்பாடு வாடகைக்கும் விடலாம். கீழே இருக்கும் அறைக்கும் நேர் வெயில் நின்றுவிடும், இது பெரிய லாபம், அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் சூடு இனி மேல் அறைக்கு. பகல் முழுக்கக் குடித்த வெயிலைக் கான்கிரீட் ராத்திரியிலும் உள்ளே கக்கிக்கொண்டிருக்கும், மேல் மாடியில் குடியிருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதனால் மேலே சுண்ணாம்பு ஜல்லி போட்டுத் தட்டோடோ வெள்ளை கூல் ரூஃப் டைலோ பதிக்கும் செலவை முதலிலேயே சேர்த்துவிடுங்கள். வேலைக்கான நேரமும் முக்கியம். தை மாதம் ஆரம்பித்தால் சித்திரைக்குள் முடிக்கலாம். ஐப்பசியில் சென்ட்ரிங், அதாவது கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும், அடித்தால் மழையோடு மல்லுக்கட்ட வேண்டும். ரூஃப் போட்டபின் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதில் கஞ்சம் கூடாது, முட்டு எடுக்கவும் அவசரம் கூடாது: பதினைந்தடிக்குள் அகலம் என்றால் ஏழு நாள், அதற்கு மேல் என்றால் பதினான்கு நாள்.

ஷீட் போடும் வழியைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். வெறும் தகர ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இரண்டும் துணி காயப்போடவும் டேங்கை மூடவும் சரி, மனிதர் படுக்க வேண்டாம். 2003 மே 31-ல் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான ஊர் இது. பகல் இரண்டு மணிக்குத் தகரத்தின் கீழ் பிள்ளையை உட்காரவைத்துப் படி என்று சொல்ல என்னால் முடியாது. காற்று இன்னொன்று. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் எங்கள் எதிர்வீட்டு மாடி ஷீட் ஒன்று மடங்கிய காகிதம் போலப் பறந்து, ரோட்டில் நின்றிருந்த ஆட்டோ மேல் விழுந்ததைக் கதவு இடுக்கில் பார்த்தேன். சென்னைக்குக் கட்டட வடிவமைப்பில் எடுக்கும் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். காற்று ஷீட்டை அழுத்துவதைவிட மேலே தூக்கத்தான் பார்க்கும். நாலு போல்ட்டில் நிற்கும் ஃப்ரேம் அதற்குத் தாங்காது.

பேனல் அறை வேறு விஷயம், இதை நான் ஆரம்பத்தில் சரியாக மதிக்கவில்லை. இரண்டு மெல்லிய இரும்புத் தகட்டுக்கு நடுவில் பஃப் என்ற நுரை நிரப்பிய பலகை, சுவரும் அதுவே, ரூஃபும் அதுவே. 50 மில்லி பஃப் பலகை வெயிலைத் தடுப்பதில் ஐந்து இஞ்ச் கான்கிரீட்டை விடப் பல மடங்கு மேல். அதே பன்னிரண்டுக்குப் பதினான்கு அறை, இரும்பு ஃப்ரேமோடு சேர்த்து இரண்டு டன்னுக்குள் முடிந்துவிடும். 25 டன் எங்கே, 2 டன் எங்கே! வேலையும் இரண்டு மூன்று வாரத்தில் முடியும், மணல், ஜல்லி, சித்தாள், தண்ணீர் எதுவும் தேவையில்லை. குறைகளும் உண்டு. பெரிய மழையில் ரூஃபில் சத்தம் கேட்கும். ஏசி போட்டால் சட்டென்று குளிரும், நிறுத்தினால் சட்டென்று போகும். சுவரில் கனமான அலமாரி மாட்ட முடியாது, முன்கூட்டியே உள்ளே கம்பி கொடுத்திருக்க வேண்டும். எனக்குப் பெரிய பயம் தீ. பஃப் எரியும், அதன் புகை விஷம். ராக்வூல் என்ற கல் இழை நிரப்பிய பேனல் எரியாது, எடையும் விலையும் கொஞ்சம் கூட, தூங்கும் அறை என்றால் அதைத்தான் கேட்க வேண்டும். அப்புறம் ஃப்ரேமின் கால்கள் வெறும் ஸ்லாப் மேல் நிற்கக் கூடாது, கீழே சுவரோ பீமோ இருக்கும் இடத்தில் நிற்க வேண்டும், போல்ட் இறங்கும் ஒவ்வொரு துளையையும் வாட்டர்ப்ரூஃபிங் செய்ய வேண்டும். இல்லையென்றால் முதல் மழைக்கே கீழே ஹாலில் பக்கெட் வைக்க வேண்டிவரும்.

"பேனல்னா டெம்பரரிதானே, அனுமதி எதுக்கு" என்று மூன்று பேர் எங்களிடம் சொன்னார்கள். நம்பாதீர்கள். சுவரும் கதவும் வைத்து ஆள் தங்கும் இடமாக ஆக்கினால் அது கட்டடம்தான். தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் சாதாரண வீட்டுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது 1200 சதுர அடி மனையில் எல்லாத் தளமும் சேர்த்து 2400 சதுர அடி வரை போகலாம். பக்கத்தில் விட வேண்டிய இடைவெளி மேல் தளத்துக்கும் பொருந்தும். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் என்று இருக்கும் வீடுகளுக்கு 2024 ஜூலையில் சுயசான்று முறையில் உடனடி அனுமதி வந்தது. பழைய வீட்டின் மேல் கட்டும்போது பழைய அப்ரூவல் பிளானைக் கையில் எடுத்துக்கொண்டு, லைசென்ஸ் உள்ள இன்ஜினியரிடமே வழியைக் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டியபின் கார்ப்பரேஷனில் சொத்து வரிக்கும் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் விற்கும்போதும் லோன் போடும்போதும் அது முன்னால் வந்து நிற்கும்.

ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று மட்டும். டாப் ஃப்ளோர் வாங்கினால் மொட்டை மாடி உங்களுக்கு என்று பில்டர் வாயால் சொன்னதை நம்பி எதுவும் கட்டாதீர்கள். மாடி எல்லோருக்கும் பொது, எல்லோருடைய யூடிஎஸ்ஸும், அதாவது பிரிக்காத பங்கும், அதில் இருக்கிறது.

கொட்டேஷன் கேட்கும்போது யாரும் சொல்லாத செலவுகள் சில உண்டு. எங்கள் 1000 லிட்டர் டேங்க் மாடியில் மூன்றடி மேடையில் இருக்கிறது. மாடியிலேயே பாத்ரூம் வைத்தால் ஷவரில் தண்ணீர் சொட்டும், அவ்வளவுதான். டேங்கைப் புது அறைக்கும் மேலே ஏற்ற வேண்டும், நிரம்பிய டேங்க் ஒரு டன்னுக்கு மேல், பேனல் ரூஃப் அதைத் தாங்காது, தனி ஸ்டாண்ட் வேண்டும். மழைநீர்க் குழாய் எந்த மூலையில் இறங்குகிறது என்று பார்க்காமல் சுவர் வைத்தால் மாடியில் குளம் கட்டும். மாடிப்படி வெளியே இருந்தால், ராத்திரி மழையில் பாத்ரூமுக்குப் படியிறங்கி வர வேண்டியது யார் என்று யோசியுங்கள். அதோடு இன்னோர் ஏசி வந்தால் ஈபியில் லோடு கூட்ட வேண்டியிருக்கும். வாஸ்து பார்ப்பவர்கள் கன்னி மூலைதான் உயரமாக இருக்க வேண்டும் என்பார்கள், அத்தையும் சொன்னார். எங்கள் வீட்டில் தென்மேற்கில்தான் நல்ல ஒன்பது இஞ்ச் சுவர் இரண்டு சேர்கிறது, அதனால் அவர் சொன்னதும் இன்ஜினியர் சொன்னதும் ஒரே இடத்தில் வந்து நின்றன, எனக்கும் நிம்மதி.

நாங்கள் எடுத்த முடிவு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சுவர் ஏஏசி பிளாக்கில், அதாவது செங்கல் எடையில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே இருக்கும் லேசான கல்லில், எட்டு இஞ்ச் கனத்தில். இரண்டு பக்கம் ஏற்கனவே கீழிருந்து வரும் ஒன்பது இஞ்ச் சுவர் மேல் நேராக எழும்பும். மற்ற இரண்டு பக்கத்துக்கு, அந்தச் சுவர்களிலிருந்து எதிர்ச் சுவருக்கு ஸ்லாப்பைத் தொடாமல் இரும்பு பீம் போட்டு அதன் மேல் வரும். ரூஃப் ராக்வூல் பேனல், சுற்றிலும் கான்கிரீட் பெல்ட் போட்டு அதில் போல்ட் இறங்கும். மொத்த எடை இன்ஜினியர் கணக்கில் 9 டன்னுக்குள். முழுக் கான்கிரீட் அறைக்கு வந்த கொட்டேஷனைவிட விலை அவ்வளவாகக் குறையவில்லை, இரும்பு பீமிலேயே மிச்சம் போய்விட்டது. அது எனக்குப் பரவாயில்லை. அந்த நான்கரை இஞ்ச் சுவரை ஒட்டித்தான் அத்தை கட்டில் இருக்கிறது.

முழுதும் பில்லரில் நிற்கும், கம்பி நன்றாக இருக்கும் வீடு என்றால் நான் கான்கிரீட்டுக்கே போயிருப்பேன், யோசித்திருக்கவே மாட்டேன். மூன்று நான்கு வருடத்துக்கு மட்டும், பகலில் வேலை செய்யவோ டியூஷன் எடுக்கவோ இடம் போதும் என்பவர்கள் முழுப் பேனல் அறை எடுக்கலாம், பிற்பாடு கழற்றி விற்கவும் முடியும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குச் சீலிங் பன்னிரண்டடி இருந்தால் பரண்தான், ஃபேனுக்குக் கூண்டு மாட்டிவிட்டு.

போர்ட்டிகோ பில்லரைச் சரிசெய்யும் வேலை போன வாரம் முடிந்தது, பழைய கம்பியைச் சுத்தம் செய்து, புதுக் கம்பி சேர்த்துச் சுற்றிலும் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். பொங்கல் கழிந்ததும் மாடி வேலை. பெண் சாக்பீஸால் மாடித் தரையில் அறையை முழு அளவில் கோடு போட்டு, ஜன்னல் எங்கே, மேஜை எங்கே என்று எழுதி வைத்திருக்கிறாள். மேஜையை மேற்குச் சுவரிலிருந்து கிழக்கே மாற்றச் சொன்னேன், சாயங்கால வெயில் மேற்கில் அடிக்கும்.